ஒலிபெருக்கியின் மூன்று குமிழ்கள்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் வயலின் வடிவிலேயே அமைந்த இசையரங்கு ஒன்று உண்டு. மைசூர் டி. சௌடையாவின் நினைவாக 1980ஆம் ஆண்டில் எழுந்தது அது. ஒலிவாங்கி பரவாத காலத்தில், பெரிய அவைகளிலும் தம் இசை தெளிவாகக் கேட்கவேண்டும் என்று நான்கு தந்தி வயலினை ஏழு தந்தி வயலினாக்கியவர் அவர்.

மின்கிட்டாருக்கு அந்தப் பணியை ஒலிபெருக்கி செய்கிறது. அதன் முகப்பில் பாஸ், மிட், டிரெபிள் என மூன்று குமிழ்கள் இருக்கும். மெலிவு, சமன், வலிவு என்னும் பழந்தமிழ்ப் பெயர்கள் இவற்றுக்கு ஏறக்குறையப் பொருந்தும்; முழுதும் பொருந்தா. ஏனெனில் ஒரே தந்தியில் மூன்றும் கலந்தே பிறக்கின்றன. கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும்போதே, அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் உடன் எழுகின்றன. இவற்றின் அளவு விகிதமே கருவியின் குரல். குமிழ்கள் மாற்றுவது அவ்விகிதத்தைத்தான்.

பழைய வகை ஒலிபெருக்கிகள் பலவற்றில் இக்குமிழ்கள் எதையும் புதிதாகக் கூட்டுவதில்லை. மின்தேக்கி விரைவான அதிர்வுகளை எளிதில் கடத்தும், மெதுவானவற்றைத் தடுக்கும். இப்பண்பைக் கொண்டு வேண்டாத பகுதி குறைக்கப்படுகிறது, அவ்வளவே.

வீட்டில் தனியே வாசிப்பவர் பாஸையும் டிரெபிளையும் ஏற்றி, மிட்டை இறக்கி வைப்பார்; கேட்க இனிமையாகத்தான் இருக்கும். மேடையிலோ முரசொலி கீழ்ப்பகுதியையும் தாளத்தட்டின் ஒலி மேற்பகுதியையும் நிரப்பிவிட, அவருடைய கிட்டார் காணாமற் போகும். உடனே ஒலியளவைக் கூட்டுவது பலரது வழக்கம். அதனால் இரைச்சலே மிகும். பாஸைச் சற்றுத் தணித்து மிட்டை உயர்த்தினால், அதே ஒலியளவிலேயே கடைசி வரிசைக்கும் கிட்டார் கேட்கும்.