சீனர் நகரத்தில் நம்மவர் சாப்பாட்டுக் கடை

பினாங்கு, சிங்கப்பூர் என்ற பெயர்களைக் கேட்காமல் கடையநல்லூரில் வளர்ந்த ஆள் கிடையாது. தறித் தொழில் நொடித்த காலங்களில் நாகப்பட்டினத்துக்குப் போய்க் கப்பலேறிய குடும்பங்கள் நம் ஊரிலும் தென்காசியிலும் ஏராளம். 1926 முதல் 1973 வரை 'ரஜூலா' கப்பல் ஓடியது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடி, 1985-இல் தீப்பிடித்ததோடு நின்றது. போனவர்கள் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரில் நம் ஊர்க்காரர்கள் 1946-இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியே தொடங்கி, 1982 வரை நடத்தினார்கள். இதெல்லாம் பலரும் சொல்லிக் கேட்டதுதான். வணிகர்களாகிய நாம் கேட்க வேண்டியது வேறு: வேற்று மக்கள் மத்தியில் போட்ட கடை மூன்று தலைமுறை எப்படி நின்றது?

வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டுத் திருமணத்துக்காகச் சென்ற வருடம் பினாங்கு சென்றிருந்தேன். ஜார்ஜ்டவுன் நகரில் சீனர்களே பெரும்பான்மை. கடைப் பலகை, கோயில், சங்கக் கட்டிடம் எல்லாவற்றிலும் சீன எழுத்துதான். அதற்கு நடுவில் சூலியா வீதி என்று நம்மவர் பெயரில் ஒரு தெரு. பக்கத்தில் 1801-இல் காதர் முகைதீன் என்ற தமிழ் வணிகத் தலைவர் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அங்கிருந்து சிறிது தூரத்தில் ஒரு சந்துக்குள் நான் சாப்பிட்ட கடை இருக்கிறது. மொத்தம் எட்டு மேஜைதான். பளிங்குக்கல் பதித்த பழைய வட்ட மேஜைகள், வளைந்த மர நாற்காலிகள், தலைக்கு மேல் மெதுவாகச் சுற்றும் விசிறி. வெளியே மழை பெய்தது. உள்ளே கறி வாசம். எழுந்து போகவே மனம் வரவில்லை.

அங்கே இந்தச் சாப்பாட்டுக்கு 'நாசி கண்டார்' என்று பெயர். மலாய் மொழியில் நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் சுமக்கும் தண்டு. நம் ஊரில் காவடி என்போமே, அதுதான். தண்டின் ஒரு பக்கம் சோற்றுக் கூடை, மறுபக்கம் குழம்புப் பாத்திரம். அப்படிச் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற வியாபாரம் பின்னால் கடையாக மாறியது. 1907-இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் காம்பல் வீதியில் இன்றும் நடக்கிறது.

நான் மல்லி, சீரகம், வத்தல் விற்கிறவன். அதனால் நாக்கு தானாகவே சரக்கை எடைபோட்டுவிடுகிறது. சோற்றின் மேல் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கணவாய்க் குழம்பு என்று நாலைந்தையும் கலந்து ஊற்றுகிறார்கள். சோறு மூழ்க ஊற்றச் சொல்வதற்கு 'பஞ்ஜிர்' என்று பெயர். வெள்ளம் என்று பொருளாம்! நம் வீட்டில் இப்படிக் கலந்தால் சமைத்தவர்களுக்குக் கோபம் வரும். மல்லியும் சீரகமும் நம் பக்குவம்தான். ஆனால் அன்னாசிப்பூ தூக்கலாக இருந்தது. ஒரு மாட்டுக்கறி கறுப்பாக, லேசான இனிப்போடு இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"அது சீனன் சோயா சாறு அண்ணாச்சி. எங்க வாப்பிச்சா காலத்துலேயே சேத்துட்டாங்க. சாப்பிடுறவன் நாக்கத்தானே பாக்கணும்?" என்றார் முதலாளி. மூன்றாம் தலைமுறை ஆள். பேச்சில் பாதி மலாய் கலந்தாலும் 'அண்ணாச்சி' மட்டும் மாறவில்லை.

அன்று பக்கத்து மேஜைகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் சீனர்கள். கடைப் பையன்களை அவர்கள் 'அனே' என்று கூப்பிடுகிறார்கள். நம் 'அண்ணே'தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. பொட்டலம் கட்டுவதற்கு நம்மவர்கள் 'தபாவ்' என்கிறார்கள். அது சீனச் சொல். கொள்வினை கொடுப்பினை இல்லாத மக்கள் எண்ணெய்ப் பிசுக்குள்ள ஒரு கடையில் இவ்வளவு நெருங்கிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. பல கடைகளில் விலைப்பலகை கிடையாது. கல்லாவில் இருப்பவர் தட்டைப் பார்ப்பார், ஒரு தொகை சொல்வார். நேற்று பத்து ரிங்கிட், இன்று பதினான்கு என்றால் யாரிடம் கேட்பது? இந்தத் தகராறு அந்த ஊர்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. இந்த முதலாளி பலகை மாட்டியிருக்கிறார். மாட்டிய பிறகு புது ஆட்கள் தயங்காமல் உள்ளே வருகிறார்களாம்.

கை கழுவிவிட்டு வந்த பின் பேச்சு வாடகைக்குத் திரும்பியது. இனி நான் எழுதுவதை நம் உறுப்பினர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

மலேசியாவில் போருக்கு முந்திய கட்டிடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைகள் அதன் நிழலில்தான் சொற்ப வாடகையில் ஓடின. 1997-இல் அதை நீக்கச் சட்டம் செய்து, 2000 தொடக்கத்திலிருந்து கட்டுப்பாடு அடியோடு போனது. வாடகை பல மடங்கு ஏறியது. தட்டான் கடை, கூடை முடைபவர், சிறு மளிகைக்காரர் என்று வரிசையாகக் காலி செய்தார்கள். 2008-இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது; ஊருக்குப் பெருமை. ஆனால் பழைய கடைகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின, வாடகை மேலும் ஏறியது.

இவர் கடை எப்படித் தப்பியது? சட்டம் போகப்போகிறது என்று தெரிந்ததுமே இவருடைய தகப்பனார் சீன வீட்டுக்காரரிடம் தாமாகப் போய், வாடகையைக் கூட்டித் தருகிறேன், வருடக் கணக்கைப் போட்டு எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். "அப்ப எல்லாரும் அத்தாவைப் பைத்தியம்னாங்க. கேக்காத பணத்தை எவனாவது கொடுப்பானான்னு" என்றார். சிரித்தவர்களின் கடைகள் இன்று அந்தச் சந்தில் இல்லை.

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தமிழ்நாட்டில் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 22.2.2019 முதல் நடப்பில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்லும் வழக்குகள் நீதிமன்றத்துக்கு வருகின்றன. நகராட்சிக் கடைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது; அந்தக் கதை வேறு. ஆனால் தனியார் கட்டிடத்தில், அப்பா காலத்துப் பழக்கம் என்று துண்டுச் சீட்டுகூட இல்லாமல் வாடகை கொடுப்பவர்கள் நம் பஜாரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ரசீது கேட்டால் வீட்டுக்காரர் வருத்தப்படுவார் என்கிறார்கள். வருத்தப்பட்டால் படட்டும்.

வேலைக்கு ஆள் கிடைக்காத தொல்லை அங்கேயும் உண்டு. பினாங்கில் 2016 முதல் தெருக்கடைகளில் பசம்பூர் போன்ற உள்ளூர்ச் சிறப்பு உணவுகளை வெளிநாட்டவர் சமைக்கத் தடை இருக்கிறது. வத்தலுக்கு நம் சரக்கோடு சீனச் சரக்கும் போட்டி போடுகிறது. என் மல்லியில் மாதிரி கேட்டார்; ஊர் வந்ததும் அனுப்பினேன்.

அவருடைய இப்போதைய ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. மகன் கோலாலம்பூரில் கணினி வேலை பார்க்கிறான். கடைக்கு வருவானா என்று கேட்டேன்.

"மறுபடி எழுதுற அன்னைக்குக் கையெழுத்துப் போட அவனைத்தான் கூப்பிடப் போறேன் அண்ணாச்சி. வந்தாத் தெரியும்" என்றார்.