லேப்டாப் பேட்டரியும் கடலூர் வெயிலும்

லேப்டாப் பேட்டரி இரண்டு விதமாகத் தேய்கிறது. சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம். சும்மா கிடந்தாலும் கொஞ்சம். முதலாவதைப் பலரும் அறிவார்கள். இரண்டாவதைக் கவனிப்பவர் குறைவு. கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் போன்ற வெயில் ஊர்களில் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

இன்றைய லேப்டாப்களில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-ல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லின் ஒரு முனையில் கிராஃபைட், மறுமுனையில் உலோக ஆக்சைடு, நடுவே மின்பகு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் புகுகின்றன, பயன்படுத்தும்போது திரும்பிவிடுகின்றன. முதல் சார்ஜிலேயே கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. செல்லுக்கு அது காப்புதான். ஆனால் நாளாக ஆக அது தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கத் தடிக்க லித்தியத்தை விழுங்குகிறது. விழுங்கிய லித்தியம் பிறகு எதற்கும் உதவாது. வெப்பம் கூடினால் இந்த வினை வேகமெடுக்கும். செல் 4.2 வோல்ட்டை ஒட்டி, அதாவது முழு சார்ஜில், நின்றாலும் தேய்மானம் கூடும்.

இரண்டும் சேர்ந்தால் சேதம் பெரிது. 25 டிகிரி செல்சியஸில் 40 சதவீத சார்ஜோடு ஓராண்டு வைத்த செல்லில் ஏறத்தாழ 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதையே முழு சார்ஜோடு 40 டிகிரியில் வைத்தால் மிஞ்சுவது சுமார் 65 சதவீதம். பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில், சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்குள் அக்னி நட்சத்திர மதியம் எப்படியிருக்கும் என்பது ஊராருக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பின் உள்பகுதி அந்த அறையைவிடவும் சூடு.

ஆகவே நாள் முழுக்கச் சார்ஜரிலேயே லேப்டாப்பை ஓட்டுபவர்கள் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியை இயக்கிவிட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் இந்த வசதியைத் தருகின்றன. மெத்தை, தலையணை மேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத்துளைகள் அடைபடும். மரப்பலகையோ மேசையோ நல்லது. வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் செல்லவே கூடாது. திரை வெளிச்சத்தைக் குறைப்பது ஒரு சார்ஜில் கிடைக்கும் நேரத்தைக் கூட்டும். சார்ஜ் சுற்றுகளையும் குறைக்கும்.

சுத்தமாக இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியம் அயனிக்கு அது கெடுதல். 20 சதவீதத்துக்கு வரும்போதே சார்ஜில் போடலாம். பாதியில் எடுப்பதாலும் குற்றமில்லை.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் பெற்ற லேப்டாப் படிப்பு முடிந்ததும் பீரோவுக்குள் போய்விடுவது பல வீடுகளில் வழக்கம். சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் செல்லின் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்து, உள்ளேயிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பாதுகாப்புச் சுற்று அதற்குப் பிறகு சார்ஜை ஏற்காது. எடுத்துவைக்கும் முன் பாதி சார்ஜ் ஏற்றி அணைத்துவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பது போதும்.

80 சதவீத வரம்புக்கு விலக்கும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்தால் முழுதாக ஏற்றிக்கொள்வதே சரி. ஓரிரு நாள் முழு சார்ஜால் பேட்டரி கெட்டுவிடாது.

தேய்மானம் எவ்வளவு என்பதை விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில் பார்க்கலாம். அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்ற இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 40,000, இரண்டாவது 28,000 என்றால் 70 சதவீதம் மிச்சம். டச்பேட் மேலெழும்பினாலோ அடிமூடி பிதுங்கினாலோ கணக்குப் பார்க்க வேண்டியதில்லை: பேட்டரி உப்பிவிட்டது. உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். அழுத்துவதும் குத்துவதும் தீப்பிடிக்க வைக்கும். பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்களிடமே ஒப்படைத்திருக்கின்றன. குப்பைத்தொட்டியில் போடாமல் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பு மையத்திலோ கொடுத்துவிடுங்கள்.