மலை இறக்கத்தில் டீசல் பிக்கப் வண்டி: எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தெரிந்தெடுக்கும் முறை

சேவூர், அவிநாசி, புளியம்பட்டி முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள குடியானவர்களில் அநேகர் இக்காலத்தில் சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கின்றனர். நிலக்கடலை மூட்டைகளைச் சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குக் கொண்டு சேர்ப்பதும், காய்கறியைச் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும், வயல் வேலை ஓய்ந்த நாட்களில் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குத் துணிக் கட்டுகளைச் சுமந்து வாடகை ஈட்டித் தருவதும் அந்த வண்டியே. இவ்வழிகள் யாவும் பெரும்பாலும் சமதரையானவை. ஆனால் சேவூர் வழியே வடக்கு நோக்கிச் செல்லும் சாலை, புளியம்பட்டியையும் சத்தியமங்கலத்தையும் கடந்து பண்ணாரியில் மலையடிவாரத்தைத் தொடுகிறது. அங்கிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தாளவாடிப் பக்கத்து முட்டைக்கோசு, பீட்ரூட், மாட்டுத் தீவனத் தட்டு முதலியவற்றை வாங்கி வரப் புறப்படும் வண்டி, வெறுமையாக ஏறி முழுப் பாரத்துடன் இறங்குகிறது. உதகையிலிருந்து குன்னூர் வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ மேட்டுப்பாளையத்திற்குக் காய்கறி கொண்டு வருவோருக்கும் நிலைமை இதுவே. ஏறுகையில் எஞ்சினுக்குச் சிரமம். இறங்குகையில் உயிருக்கே அபாயம்.

இத்தகைய வண்டிக்காரர்கள் எக்ஸாஸ்ட் பிரேக் என்னும் கருவியைப் பொருத்திக்கொள்ளலாமா, பொருத்துவதானால் எவ்விதமானதைப் பொருத்துவது என்று இப்பொழுது அடிக்கடி விசாரிக்கின்றனர். பலர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் குழுவின் பெயரால் வண்டி வாங்கும்போதும் இதே கேள்வி எழுகிறது. ஆகையால் கிராம உத்தியோகஸ்தர்களும் இவ்விஷயத்தைத் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

முதலில் இறக்கத்தில் நடப்பது யாதெனப் பார்ப்போம். வண்டியும் பாரமுமாக 3,000 கிலோ எடை என்றும், அது 800 மீட்டர் உயரம் இறங்குகிறது என்றும் கொள்வோம். அவ்வுயரத்தில் அடங்கியிருந்த சக்தி முழுவதும் கீழே வருவதற்குள் எவ்வாறேனும் செலவாக வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், அச்சக்தி ஏறத்தாழ 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரப் போதுமானது. மற்ற உதவி ஒன்றும் இன்றேல், இவ்வளவு உஷ்ணத்தின் பெரும்பகுதியையும் நான்கு சக்கரங்களிலுள்ள பிரேக்குகளே விழுங்கியாக வேண்டும். சமதரையில் ஒருமுறை நிறுத்தினால், மறுமுறை நிறுத்துவதற்குள் டிரம் ஆறிவிடுகிறது. மலையில் ஆறுவதற்கு அவகாசமில்லை. லைனர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் அதன் பிடிப்புக் குறைகிறது. மிதிக்க மிதிக்க வண்டி நிற்பதில்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெள்ள மெள்ள உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் தரத்து எண்ணெய், புதியதாயின் 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதியாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின்பு தாங்க வேண்டிய அளவாக அதே விதி கூறுவது 140 டிகிரி மட்டுமே. பழைய எண்ணெய் இறக்கத்தில் கொதித்துக் குமிழி கட்டினால், மிதிகட்டை ஒரு பஞ்சு மூட்டையைப் போல அடிவரை அமுங்கிவிடும். எக்ஸாஸ்ட் பிரேக்குக்குப் பணம் செலவிட நினைப்பவர், அதற்கு முன் சில நூறு ரூபாயில் இவ்வெண்ணெயை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

இனி எஞ்சினின் பங்கைக் கவனிப்போம். மாட்டு வண்டி சரிவில் இறங்கும்போது, முட்டுக்கட்டையை மட்டும் நம்பாமல், மாடுகளே நுகத்தைப் பின்னுக்குத் தாங்கி வண்டியைப் பிடித்து வருவதை நாம் அறிவோம். மோட்டார் வண்டியில் தாழ்ந்த கியரில் எஞ்சின் செய்வது அவ்வேலையே. ஆனால் இதில் டீசல் எஞ்சினுக்கு ஒரு குறை உண்டு. பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் காற்று வரும் வழி மூடிக்கொள்வதால், பிஸ்டன் காற்றை வருந்தி இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த வருத்தமே வண்டியை அடக்குகிறது. டீசல் எஞ்சினில் பொதுவாக அவ்விதம் வழியை அடைப்பதில்லை. பிஸ்டன் தாராளமாகக் காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்றோ சுருள்வில்லைப் போல் பிஸ்டனைத் திரும்பவும் கீழே தள்ளிவிடுகிறது. வாங்கியதை உடனே திருப்பிக் கொடுத்துவிடுவதால் அடக்கும் சக்தி குறைவாகவே மிஞ்சுகிறது.

இக்குறையைத் தீர்ப்பதே எக்ஸாஸ்ட் பிரேக். புகைபோக்கிக் குழாயின் நடுவே ஒரு வட்டத் தகடு கதவைப் போல் அமைந்திருக்கும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், அல்லது அதற்குரிய விசையை இயக்கியதும், அத்தகடு திரும்பிக் குழாயை அடைத்துக்கொள்ளும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தால் எவ்வளவு கடினமாயிருக்குமோ, அவ்வளவு கடினம் அப்போது ஒவ்வொரு பிஸ்டனுக்கும் நேர்கிறது. அதனால் உண்டாகும் உஷ்ணம் சக்கரங்களைச் சேராமல், ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறிவிடுகிறது.

இதனோடு ஒத்ததாகப் பலர் மயங்கும் வேறொரு கருவியும் உண்டு. 1931ஆம் வருஷம் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற அமெரிக்க எஞ்சின் நிபுணர், தம் டீசல் லாரியில் அந்நாட்டைக் குறுக்கே கடந்து செல்கையில், கலிபோர்னியாவிலுள்ள கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பற்றுப் போயின. அடிவாரத்தில் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்த சரக்கு ரயிலின்மேல் மோதாமல் அவர் தப்பியது மயிரிழையில்தான். அந்த அனுபவத்தை மறவாத அவர் பிற்காலத்தில் அமைத்ததே, அழுத்திய காற்றை வால்வு வழியாகத் திடீரென வெளிவிட்டு எஞ்சினை அடக்கும் முறை. ஜேக்கப்ஸ் கம்பெனியார் 1961 முதல் அதனைச் செய்து விற்றனர். அது கனரக லாரிகளின் எஞ்சினுக்குள்ளேயே அமைவது. பிக்கப் வண்டிக்காரர் கேட்கும் புகைக்குழாய்த் தகடு வேறு; இதனைக் காட்டி அதன் பெயரைச் சொல்லி விற்பவரிடம் ஏமாறலாகாது.

இக்கருவியின் சக்தி எவ்வளவு? 2.5 லிட்டர் எஞ்சினில், சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ வீதம் குழாயில் அழுத்தம் தேங்குவதாக வைத்துக்கொண்டால், நிமிஷத்திற்கு 3,000 சுற்றில் உத்தேசமாக 25 குதிரைத் திறன் அளவு அது வண்டியை அடக்கும். மேற்சொன்ன 3,000 கிலோ வண்டி, நூற்றுக்கு ஆறு வீதச் சரிவில், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவதற்கு வேண்டிய அடக்கும் சக்தி சுமார் 17 குதிரைத் திறனே. ஆகவே கணக்குப்படி போதுமானதுதான். ஆனால் உயர்ந்த கியரில் எஞ்சின் 1,500 சுற்றில் ஓடினால், சுற்றும் பாதி, தேங்கும் அழுத்தமும் குறைவு. 12 குதிரைத் திறன்கூடக் கிடைப்பது சந்தேகம். இதிலிருந்து ஓட்டுநர் அறிய வேண்டியது யாதெனில், இரண்டாவது கியரில் இறங்குபவருக்கே இக்கருவி உதவும். நான்காவது கியரில் வருபவருக்கு அது வெறும் ஓசைதான்.

தெரிந்தெடுக்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது இந்த அழுத்தத்தின் அளவு. அழுத்தம் கூடினால் பிரேக் பலமாகும் என்றெண்ணி அதிகமானதைக் கேட்பது தவறு. புகை வெளியேறும் வால்வுகளைச் சுருள்வில்கள் மூடிப் பிடித்திருக்கின்றன. குழாயில் தேங்கும் அழுத்தம் அவ்வில்களின் பலத்தை மிஞ்சினால், வால்வுகள் தாமாகவே திறந்து பிஸ்டன் தலையில் இடிக்கும் அபாயம் உண்டு. ஆகையால் எஞ்சின் செய்த கம்பெனியார் எவ்வளவு எதிர் அழுத்தத்தை அனுமதித்திருக்கின்றனர் என்பதை எழுத்து மூலமாகக் கேட்டறிய வேண்டும். அதற்கு அடங்கிய கருவியே தக்கது. தகட்டில் சிறு துவாரமோ, அளவு மிஞ்சினால் திறக்கும் ஏற்பாடோ இருப்பது இதற்காகவே. துவாரமில்லாத தகட்டைப் பட்டறையில் வெட்டிப் பற்றவைத்துத் தருகிறோம் என்பவரை நம்பக்கூடாது.

அடுத்தது, தகட்டை எது இயக்குகிறது என்பது. பெரிய லாரிகளில் காற்று பிரேக்குக்கென உள்ள காற்றே இதையும் இயக்கிவிடும். பிக்கப் வண்டிகளில் பொதுவாக அந்தக் காற்றுக் கலம் கிடையாது. மின்சாரத்தாலாவது, வாக்குவம் என்னும் வெற்றிட இழுப்பாலாவது இயக்க வேண்டும். இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரும் அதே வாக்குவம் பம்பை நம்பியிருப்பது. எக்ஸாஸ்ட் பிரேக்குக்காக அந்தக் குழாயில் கிளை பிரித்து, அக்கிளையில் ஒழுக்கு ஏற்பட்டால், கால் பிரேக்கே கல்லாய் இறுகிப்போகும். உதவிக்கு வந்தவன் வீட்டுக்காரனை வெளியேற்றிய கதையாய் முடியும். ஆகவே சிறு வண்டிக்கு மின்சாரத்தால் இயங்குவதே மேலானது என்பது எமது அபிப்பிராயம். வாக்குவம் வகையே கிடைக்குமாயின், அதற்குத் தனிக் கலமும், ஒருவழி வால்வும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குக. கிளட்சை மிதித்தாலும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் தகடு தானே திறந்துகொள்ளும் விசைகளும் அவசியம்.

இவையெல்லாம் பழைய வண்டிகளுக்கே முழுதும் பொருந்தும். 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குட்பட்ட டீசல் வண்டிகளில், புகையைச் சுத்தி செய்யும் பாகங்களும், கரித்தூள் வடிகட்டியும், அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் அளந்து எஞ்சினின் கணினிக்குச் சொல்லும் உணரிகளும் புகைவழியிலேயே அமைந்துள்ளன. அங்கே ஒரு புதிய தகட்டை நுழைத்தால் அவ்வளவும் குழம்பும். டர்போவின் எண்ணெய் அடைப்புகளுக்கும் கேடு வரலாம். வழுக்கலில் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது, எக்ஸாஸ்ட் பிரேக் விலகிக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து பொருத்திய கருவிக்கு அது தெரியாது. மேலும் 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனியார் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்சுத் தொகைக்கும் தகராறு எழக்கூடும். எனவே புதிய வண்டிக்கு வெளிப்பட்டறையில் எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்துவதை நாம் சிபாரிசு செய்வதற்கில்லை.

அப்படியாயின் மலைக்குச் செல்லும் குடியானவர் என்ன செய்வது? வருஷத்திற்கு இரண்டொரு முறை மட்டும் திம்பம் ஏறுபவருக்கு இக்கருவியே வேண்டியதில்லை. தாழ்ந்த கியரும், அளவான பாரமும், நல்ல லைனரும், புதிய பிரேக் எண்ணெயும் போதும். சேவூருக்கும் திருப்பூருக்குமாக ஓடும் வண்டிக்கு அது முழு வீண் செலவு. வாரந்தோறும் பாரத்துடன் இறங்குவோரும், குழுவாகச் சேர்ந்து வண்டி வாங்குவோரும், சிறு பிக்கப்பை வாங்கி அதில் கருவி சேர்ப்பதை விட, எக்ஸாஸ்ட் பிரேக் கம்பெனியிலேயே பொருத்தப்பட்டு வரும் அடுத்த அளவு வண்டியை வாங்குவது நன்று. விலை கூடுதல்தான், ஆயினும் ஒரே நடையில் அதிக பாரம் சட்டப்படி ஏற்றலாம். அளவுக்கு மிஞ்சிய பாரத்திற்கு 2019இல் திருத்தப்பட்ட சட்டம் விதிக்கும் அபராதம் 20,000 ரூபாய். மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் வேறு. பழைய வண்டியில் கருவி பொருத்தியே தீருவதானால், எஞ்சின் கம்பெனியின் சம்மதமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியும் பெற்றுச் செய்க.

கருவி இருக்கும் வண்டியையும் ஜாக்கிரதையாகவே கையாள வேண்டும். பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கரங்களே எஞ்சினால் ஓடுபவை. ஆதலின் எக்ஸாஸ்ட் பிரேக் அவற்றை மட்டுமே பிடிக்கும். வண்டி வெறுமையாயிருந்து சாலை மழையில் நனைந்திருந்தால், வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுழலக்கூடும். அப்போது அதனை நிறுத்திவிடுவதே உசிதம். அது வண்டியை நிற்க வைக்காது; கால் பிரேக்குக்கும் கை பிரேக்குக்கும் ஈடாகாது. சமதரையிலும் நாளொன்றுக்கு இரண்டொரு முறை இயக்கிவந்தால் தகட்டில் கரி பிடித்து இறுகாது. தகடு மூடியபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் இழுப்பின்றிக் கரும்புகை தள்ளும். திறந்தபடியே சிக்கினால், மலைமேல்தான் அது தெரியவரும். எனவே திம்பத்தில் இறக்கம் தொடங்கும் முன்பே ஒருமுறை சோதித்துக்கொள்க.

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய ஓட்டுநர் வழக்கு. இக்காலத்து எஞ்சின்கள் வலுவுள்ளவையாதலால் மூன்றிலேயே ஏறிவிடுகின்றன. அத்தகைய வண்டியை இரண்டில் இறக்குவது நலம். கியரை முதல் வளைவுக்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். வேகம் பிடித்த பின் தாழ்ந்த கியர் விழாமல் வண்டி நியூட்ரலில் அகப்பட்டுக்கொண்டால் மீள்வது அரிது. எண்ணெய் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுவோரும், எஞ்சினையே நிறுத்திவிடுவோரும் இன்றும் இருக்கின்றனர். கியரில் இறங்கும் இக்காலத்து டீசல் எஞ்சின், ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் எண்ணெய் பாய்ச்சுவதை நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலிலோ தான் நின்றுவிடாதிருக்கவே எண்ணெய் செலவிடுகிறது. எஞ்சின் நின்றால் வாக்குவம் பம்பும் நின்று, இரண்டு மூன்று மிதிப்புக்குப்பின் பூஸ்டர் உதவி அற்றுப்போகும். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் இம்மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை ஏற்பட்டது. அது முதல், நேரத்திற்குள் சோதனைச் சாவடியைக் கடக்கும் அவசரத்தில் வேகமாக இறங்குவோர் உண்டு. ஆசனூரிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டால் இந்த அவசரம் இராது.

பண்ணாரிக்கு வந்து சேர்ந்ததும் வண்டியைச் சிறிது நேரம் நிறுத்தி, சக்கரங்களினருகே புறங்கையை நீட்டிப் பார்க்க வேண்டும், தொடுதல் கூடாது. நான்கில் ஒன்று மட்டும் மிகச் சூடாயிருந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் உரசுகிறது என்று பொருள். பட்டறையில் காட்டிச் சரிசெய்க. காந்துகிறதென்று டிரம்மின்மேல் தண்ணீர் ஊற்றினால் இரும்பு விரிசல் காணும். காற்றிலேயே ஆறட்டும்.