வேகத்திற்கும் விலை உண்டு

கையடக்க விளையாட்டுக் கருவியின் வேகத்தைக் கூட்ட முடியுமா? முடியும். ஆனால் அதற்கு விலை உண்டு.

கருவியின் மூளையான சில்லு, கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. 2004-இல் ஜப்பானில் வெளியான சோனி பிளேஸ்டேஷன் போர்ட்டபிளின் சில்லு, வினாடிக்கு 33.3 கோடித் துடிப்புகளைத் தாங்கும். ஆனால் ஆட்டங்களுக்கு 22.2 கோடியே அனுமதிக்கப்பட்டது. ஏன்? ஒவ்வொரு துடிப்பிலும் சிறிது மின்னாற்றல் செலவாகி வெப்பமாகிறது. துடிப்பு ஒன்றரை மடங்கானால் இச்செலவும் அவ்வாறே கூடும். மின்கலம் விரைவில் தீரும். 2007-இல் தடை நீங்கியது; சில ஆட்டங்கள் முழு வேகத்தில் நுணுக்கமான காட்சிகளைக் காட்டின.

சில்லு தாங்கும் எல்லையையும் தாண்டினால்? ஒரு துடிப்பின் வேலை முடியுமுன் அடுத்தது வந்துவிடும். கணக்குத் தவறி ஆட்டம் நின்றுவிடும். மின்னழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். ஆனால் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்ப வெப்பம் உயரும். சில்லின் ஆயுள் குறையும்.