‘சம்பவம்’ என்றால் எது? ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தையைக் கவனிப்போம்

முன்பெல்லாம் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது கல்லாப் பெட்டி அருகில் இருக்கும் கணக்கு நோட்டில் மட்டுமே இருந்தது. கடை சாத்தினால் நோட்டும் பத்திரம். இன்று இராஜபாளையத்தில் மளிகைக் கடை நடத்துபவரின் பற்று வரவும் வாடிக்கையாளரின் போன் நம்பரும் பில் போடும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வெளியூர்களுக்குப் பார்சல் அனுப்பும் கடைகளில், வாங்குவோரின் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. பல கடைகளுக்கு இந்த விவரங்கள் கடைக்குள்கூட இல்லை. சாப்ட்வேர் தந்த கம்பெனியின் பொறுப்பில் இருக்கின்றன.

அந்தக் கம்பெனிக்கும் நமக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. “பாதுகாப்புச் சம்பவம் நேர்ந்தால் உடனே தெரிவிப்போம்” என்ற ஷரத்தைப் படித்தால் நமக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் ‘சம்பவம்’ என்றால் எது என்று அதே ஒப்பந்தத்தில் வேறொரு பக்கத்தில் விளக்கம் இருக்கும். அந்த விளக்கத்துக்குள் அடங்காத எது நடந்தாலும், நமக்குத் தெரிவிக்கும் கடமை கம்பெனிக்குக் கிடையாது.

லாரி சரக்கில் இது நமக்குப் பழக்கமான விஷயம்தான். ‘சேதம்’ என்றால் மூட்டை கிழிவது மட்டுமே என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நனைந்து வந்த துவரம் பருப்புக்கும் எடை குறைந்த சீனிக்கும் யாரிடம் நஷ்டம் கேட்பது?

எனவே அந்த விளக்கத்தில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ‘உறுதியான’ சம்பவமா, ‘சந்தேகிக்கத்தக்க’ சம்பவமா என்பது. உறுதியானால்தான் சொல்வோம் என்றிருந்தால், கம்பெனி விசாரித்து முடிக்கும் வரை நமக்கு ஒன்றும் தெரியாது. நம் தொழிலிலேயே உதாரணம் உண்டு. இணையம் வழியே மளிகை விற்கும் பிக்பாஸ்கெட் நிறுவனத்தின் சுமார் 2 கோடி வாடிக்கையாளர் விவரங்கள் விலைக்கு வந்திருப்பதாக 2020 நவம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அறிவித்தது. திருட்டு நடந்திருக்கலாம் என்று தெரிய வந்துள்ளது, உண்மையை ஆராய்கிறோம் என்றது பிக்பாஸ்கெட். பெங்களூர் சைபர் குற்றப் பிரிவில் புகாரும் கொடுத்தது. 2021 ஏப்ரலில் அந்த விவரங்கள் இணையத்தில் இலவசமாகவே கொட்டப்பட்டன. சந்தேகம் எழுந்தவுடனே எச்சரித்தால்தான் வாடிக்கையாளர் பாஸ்வேர்டையாவது மாற்றிக்கொள்ள முடியும்.

இரண்டாவது, தகவல் வெளியே போவது மட்டும்தான் சம்பவமா என்பது. கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பல்கள் இருக்கின்றன. தகவல் எங்கும் போயிருக்காது. ஆனால் ஆடிப்பூரத் தேர் நாளில் பில் போட முடியாது. ‘திருட்டு’ என்று மட்டும் எழுதியிருந்தால் இது சம்பவமே ஆகாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரிவான விளக்கம் தருகிறது. அனுமதியின்றிக் கையாளுவது, தவறுதலாக வெளியிடுவது, திருத்துவது, அழிப்பது, நம் தகவல் நமக்கே கிடைக்காமல் போவது ஆகியவற்றையும் அது மீறலில் சேர்க்கிறது. ஒப்பந்தத்தின் விளக்கம் இதைவிடக் குறுகியதாக இருக்கக் கூடாது.

மூன்றாவது, பலிக்காத முயற்சிகள். நம் கடைப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறவன் போல, கம்ப்யூட்டர்களைத் துழாவிப் பார்ப்பது தினமும் நடக்கிறது. ஒவ்வொன்றையும் தெரிவிக்க முடியாது என்று கம்பெனி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் குறிவைத்து நடக்கும் முயற்சி வேறு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28ல் பிறப்பித்த உத்தரவில், 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய சம்பவங்களின் பட்டியல் இருக்கிறது. முக்கியமான கணினி அமைப்புகளைக் குறிவைத்துத் துழாவுவதும் அதில் ஒன்று.

நான்காவது, யாருடைய கம்ப்யூட்டர் என்பது. ‘எங்கள் கம்ப்யூட்டரில் நடந்தால்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அவர்களிடம் துணை ஒப்பந்தம் எடுத்தவர்களிடம் நடப்பது வெளியே நின்றுவிடும். அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013ல் சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் களவு போயின. அங்கே குளிர்சாதன வேலை செய்த ஒரு சிறு நிறுவனத்தின் பாஸ்வேர்டைத் திருடித்தான் களவாளிகள் உள்ளே புகுந்தார்கள்.

“இதெல்லாம் கம்பெனியின் பாடு” என்று நாம் இருந்துவிட முடியாது. ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும், நமக்காக வேறொருவர் கையாளும் தகவலுக்கும் வாடிக்கையாளரிடம் அதைப் பெற்றவரே பொறுப்பு என்கிறது 2023ஆம் ஆண்டுச் சட்டம். அதாவது பொறுப்பு கடைக்காரருக்கே. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, மீறல் தெரிய வந்ததும் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்; வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும். விதிகள் வெளியாகி 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், இக்கடமைகள் அமலாகும். தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரையும், மீறலைத் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சிறு கடைக்கு அத்தனை தொகை வராதென்றாலும், கம்பெனி நமக்குச் சொன்னால்தானே நாம் பிறருக்குச் சொல்ல முடியும்?

ஆகவே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இப்படி எழுதித் தரக் கேட்கலாம்: “கடையின் தகவல், எங்களிடமோ எங்கள் துணை ஒப்பந்தக்காரரிடமோ, அனுமதியின்றிப் பார்க்கப்பட்டாலும், எடுக்கப்பட்டாலும், மாற்றப்பட்டாலும், அழிந்தாலும், கிடைக்காமல் போனாலும், அப்படி நடந்ததாக நியாயமான சந்தேகம் எழுந்தாலும், அது சம்பவமாகும். தெரிந்த 24 மணி நேரத்துக்குள் கடைக்காரருக்குத் தெரிவிப்போம்.”

கார்டு மிஷின் தருபவரின் ஒப்பந்தத்தையும் புரட்டிப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் தெரிவிக்கும் கடமை நம் தலையில் இருக்கும்.

தனிக் கடைக்காரர் கேட்டால், அச்சடித்த பத்திரத்தை மாற்ற முடியாது என்று சொல்லக்கூடும். ஒரே சாப்ட்வேரை வைத்திருக்கும் இரு ஊர்க் கடைக்காரர்களும் சேர்ந்து, சங்கத்தின் மூலம் எழுதிக் கேட்டால் அத்தனை எளிதில் தட்டிக் கழிக்க முடியாது. எடைக் கல்லைச் சரிபார்த்து வாங்கும் நாம், இந்த ஒரு வார்த்தையையும் எடை போட்ட பிறகே கையெழுத்திடுவோம்.