தளங்கள் மூடப்படும்போது ரயில் ஆர்வலர்களின் பதிவுகள் என்னவாகின்றன? - ஒரு விளக்கம்

புதுதில்லி: நடைமேடையின் கடைசியில் கேமராவுடன் நின்று, வந்து சேரும் ரயிலின் எஞ்சின் எண்ணையும் பெட்டிகளின் வரிசையையும் குறித்துக்கொள்பவர்களை நாட்டின் பெரிய நிலையங்களில் காணலாம். ரயில் ஆர்வலர்கள் எனப்படும் இவர்கள், எவருடைய உத்தரவும் ஊதியமும் இன்றிப் பயணிகள் ரயில்களின் அன்றாட வரலாற்றைப் பதிவு செய்து வருகின்றனர். ஆனால், அந்தப் பதிவுகள் சேர்த்து வைக்கப்பட்ட இணையத் தளங்களில் பல, கடந்த 20 ஆண்டுகளில் மூடப்பட்டுவிட்டன அல்லது உருமாறிவிட்டன.

ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாறும்போது எவை உடன் வருகின்றன, எவை வழியில் தொலைகின்றன, அவற்றைக் காக்க என்ன செய்யலாம் என்பதை இங்கே காண்போம்.

பதிவுகள் ஏன் முக்கியம்?

ரயில்வேயின் ஆண்டறிக்கைகளில் வருவாயும் பாதையின் நீளமும் இடம்பெறும். ஒரு சிற்றூர் நிலையத்தில் காலை பாசஞ்சர் ரயில் எத்தனை பெட்டிகளுடன் வந்தது, அதை எந்த எஞ்சின் இழுத்தது போன்ற விவரங்கள் அவற்றில் இருப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்புபவை ஆர்வலர்களின் படங்களும் குறிப்புகளுமே.

பதிவு செய்யப்பட்ட காட்சிகளில் பல இனி திரும்ப வராதவை. நாடு முழுவதும் ஒரே அகலப் பாதை என்ற திட்டம் 1992-ல் தொடங்கப்பட்ட பின்னர், மீட்டர்கேஜ் தடங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. புனலூர்-செங்கோட்டை மலைப்பாதையில் மீட்டர்கேஜ் ரயில்கள் 2010-லும், அசாமின் லும்டிங்-சில்சார் மலைப்பாதையில் 2014-லும் நிறுத்தப்பட்டன. மத்தியப் பிரதேசத்தின் குவாலியர்-ஷியோபூர் குறுகிய பாதை ரயில், 2020 மார்ச்சில் கொரோனா பொதுமுடக்கத்தின்போது நின்றது, மீண்டும் ஓடவில்லை. சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப் தொழிற்சாலை, தனது பழைய வடிவமைப்பிலான கடைசிப் பெட்டியை 2018 ஜனவரியில் வழியனுப்பி வைத்தது.

இந்தப் பாதைகளில் எடுக்கப்பட்ட ஒரு படம் தொலைந்துபோனால், அதே இடத்துக்குச் சென்று மீண்டும் எடுக்க இயலாது.

மூடப்பட்ட தளங்கள்

இணையத்தின் தொடக்க காலத்தில் தனிநபர்கள் கட்டணமின்றிப் பக்கங்கள் அமைக்க உதவிய ஜியோசிட்டீஸ், 2009 அக்டோபரில் மூடப்பட்டது. இந்தியாவில் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்த ஆர்குட், 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. அதன் பொதுக் குழுக்களில் நடந்த உரையாடல்களை கூகுள் நிறுவனம் சில காலம் காப்பகமாக வைத்திருந்தது. பின்னர் அதுவும் அகற்றப்பட்டது. ஆர்குட்டிலிருந்து கூகுள் பிளஸுக்கு மாறியவர்கள், 2019 ஏப்ரலில் அதுவும் மூடப்பட்டதால் மீண்டும் இடம்பெயர வேண்டியதாயிற்று. யாஹூ குழுமங்களில் சேர்ந்திருந்த கோப்புகளும் படங்களும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டன. இந்திய மொழிகளுக்கு முதன்மை அளித்த கூ செயலி, 2024 ஜூலையில் தனது சேவை நிறுத்தத்தை அறிவித்தது.

மூடப்படாத தளங்களிலும் விதிகள் மாறின. படங்களுக்கான ஃபிளிக்கர் தளம், கட்டணமில்லாக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என்ற வரம்பை 2018 நவம்பரில் அறிவித்தது. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் வாங்கிய ட்விட்டர், 2023 ஜூலையில் எக்ஸ் எனப் பெயர் மாறியது. அதற்குச் சற்று முன்னர், கணக்கில் நுழையாதவர்கள் பதிவுகளைப் பார்ப்பதற்கு அத்தளம் தடை விதித்தது. இந்தத் தடை பின்னர் ஓரளவு தளர்த்தப்பட்டது. எனினும், எவரும் காணலாம் என்று எண்ணிப் பொதுவெளியில் இடப்பட்ட பதிவுகளைக் காணும் உரிமையையும் தள உரிமையாளரே தீர்மானிக்கிறார் என்பதை இது உணர்த்தியது.

இடம்பெயரும்போது இழப்பவை

முதல் இழப்பு, படத்துடன் இணைந்திருக்கும் விவரங்கள். டிஜிட்டல் கேமராவும் கைப்பேசியும் படம் எடுக்கப்பட்ட தேதி, நேரம் போன்றவற்றைப் படக்கோப்பின் உள்ளேயே பதிந்து வைக்கின்றன. சமூக ஊடகங்களில் பெரும்பாலானவை, பதிவேற்றும்போது படத்தின் அளவைக் குறைப்பதுடன் இந்த விவரங்களையும் நீக்கிவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரண முறையில் அனுப்பப்படும் படத்துக்கும் இதே நிலைதான். தளத்திலிருந்து படத்தை மட்டும் சேமித்து வேறிடத்தில் இட்டால், அது எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று இருக்காது.

இரண்டாவது, படத்துக்குக் கீழே சேர்ந்த மறுமொழிகள். பெட்டியின் நிறத்தைக் கொண்டு ரயிலை அடையாளம் காட்டியவர், எஞ்சின் எந்தப் பணிமனையைச் சேர்ந்தது எனத் திருத்தியவர், அந்த நிலையத்தில் பணியாற்றிய அனுபவத்தைப் பகிர்ந்தவர் எனப் பலரது அறிவும் அங்கேதான் திரண்டிருக்கும். ஒருவர் தனது கணக்கின் தரவைப் பதிவிறக்கினால் அவரது பதிவுகள் கிடைக்கும்; பிறர் எழுதியவை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

மூன்றாவது, இணைப்புகள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளுக்குப் பின் காணக் கிடைக்கவில்லை. ஒரு தளம் மூடப்படும்போது, அதைச் சுட்டிய பிற பக்கங்களின் இணைப்புகளும் பயனற்றுப் போகின்றன.

பின்தொடர்பவர்களை அழைத்துச் செல்ல முடியுமா?

பெரும்பாலான தளங்களில் முடியாது. புதிய தளத்தில் ஒவ்வொருவரும் மீண்டும் வந்து சேர வேண்டும். மாஸ்டடான் சற்று வேறுபட்டது. அதில் ஒரு சேவையகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பின்தொடர்பவர்கள் தாமாகவே உடன் வருவர்; ஆனால் பழைய பதிவுகள் பழைய இடத்திலேயே தங்கிவிடும். புளூஸ்கை தளம், கணக்கையும் பதிவுகளையும் சேர்த்தே வேறு சேவையகத்துக்கு மாற்றும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது?

தான் அளித்த தரவை, பயன்படுத்தத்தக்க வடிவில் பெற்று வேறு நிறுவனத்துக்குக் கொண்டு செல்லும் உரிமையை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை வழங்குகிறது. இந்தியாவில் 2019-ல் அறிமுகமான தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இத்தகைய உரிமை இடம்பெற்றிருந்தது. பின்னர் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் அது இடம்பெறவில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ், கூகுள் ஆகியவை தரவைப் பதிவிறக்கும் வசதியை அளிக்கின்றன. எனினும், இந்தியப் பயனரைப் பொறுத்தவரை இதனைச் சட்டம் உறுதி செய்த உரிமையாகக் கருத இயலாது.

செய்ய வேண்டியவை

* மூலப்படத்தை எப்போதும் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், அவற்றில் ஒரு பிரதி வேறு இடத்தில் என்பது ஆவணக் காப்பாளர்கள் பின்பற்றும் எளிய விதி.

* தேதி, ரயில் எண், நிலையம் ஆகிய மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதலாம். உள்ளே பதிந்த விவரம் நீங்கினாலும், தன்னிடமுள்ள கோப்பின் பெயர் காட்டிக்கொடுக்கும்.

* பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும். 2010 டிசம்பரில் ரயில் எண்கள் ஐந்து இலக்கங்களாக மாறியபோது, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸின் 2615 என்ற எண் 12615 ஆனது. முகல்சராய் சந்திப்பு 2018-ல் பண்டித தீனதயாள் உபாத்யாய சந்திப்பு ஆனது. அலகாபாத் சந்திப்பு 2020-ல் பிரயாக்ராஜ் ஆனது. ஒரு பெயரை மட்டும் எழுதினால், மற்றொரு பெயரில் தேடுபவருக்கு அப்பதிவு கிடைக்காமல் போகும்.

* கணக்கின் தரவை ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிவிறக்க வேண்டும். மூடல் அறிவிப்பு வந்த பின்னர் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவாக இருக்கலாம். யாஹூ குழுமங்களின் கோப்புகள், அறிவிப்பு வெளியான சுமார் இரண்டு மாதங்களில் நீக்கப்பட்டன.

* இடம் மாறியதும் பழைய கணக்கை நீக்கிவிடக் கூடாது. புதிய முகவரியைக் குறிப்பிட்டு, அதைத் தொடர்ந்து விட்டு வைப்பது நல்லது. பொதுவில் உள்ள பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமிக்கலாம். உறுப்பினர் மட்டும் காணும் குழுக்களை அவ்வாறு சேமிக்க இயலாது.

* பிறருடைய படங்களையும் மறுமொழிகளையும் புதிய இடத்துக்கு எடுத்துச் செல்லும்முன் அவர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

* படங்களைத் தடையற்ற உரிமத்தில் விக்கிமீடியா காமன்ஸில் சேர்க்கலாம். அந்த உரிமத்தைப் பின்னர் திரும்பப் பெற முடியாது என்பதை அறிந்தே இதைச் செய்ய வேண்டும். இதனால் பயனும் உண்டு. ஃபிளிக்கர் 1,000 பட வரம்பைக் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்த படங்களை நீக்குவதில்லை என அறிவித்தது.

சொந்த முகவரியின் பலன்

இந்திய ரயில் ஆர்வலர்களிடையே நன்கு அறியப்பட்ட ஐ.ஆர்.எஃப்.சி.ஏ அமைப்பு 1989-ல் தொடங்கப்பட்டது. எஞ்சின் வகைகள், சமிக்ஞைகள், பாதைகளின் வரலாறு குறித்து அதன் உறுப்பினர்கள் திரட்டிய தகவல்கள், அமைப்பின் சொந்த இணைய முகவரியில் உள்ளன. ஆர்குட்டும் கூகுள் பிளஸும் தோன்றி மறைந்த காலத்திலும் அந்த முகவரி மாறவில்லை.

சமூக ஊடகங்கள் புதிய வாசகர்களைக் கொண்டுவரும் என்பதால் அவற்றை முற்றிலும் தவிர்க்க வேண்டியதில்லை. முழுப் பதிவையும் சொந்த முகவரியில் வைத்து, அதன் சுருக்கத்தையும் இணைப்பையும் மட்டும் அவ்வப்போது புழக்கத்தில் உள்ள தளத்தில் பகிரலாம். அந்தத் தளம் நாளை மூடப்பட்டால் இணைப்பு மட்டுமே போகும். படமும் குறிப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும். சொந்த முகவரிக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். எனவே, தனக்குப் பின்னர் அதைப் பராமரிக்கப் போவது யார் என்பதையும் ஆர்வலர்கள் இப்போதே முடிவு செய்து, கடவுச்சொல்லையும் மூலப்படங்களின் ஒரு பிரதியையும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைப்பது அவசியம்.