காளையின் சீற்றமும் குழந்தையின் அச்சமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசற் பூமியில் சிறுவரும் அறிந்த விஷயம் ஒன்று உண்டு. பொலிகாளையை அணுகுவோர் அதன் கொம்பின்மேல் ஒரு கண் வைத்தே நிற்பர். காயடித்த எருதின் கழுத்தையோ வீட்டுக் குழந்தையும் தடவிக் கொடுக்கும். இரண்டும் ஒரே பசு ஈன்ற கன்றுகளாயிருக்கலாம். பின் இக்குணபேதம் எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை சொல்லும் வழியைச் சேவற்கோழி காட்டிற்று. 1849-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்ற பண்டிதர் இளஞ்சேவல்களின் விதைகளை நீக்கினார். அவை ஒழுங்காகக் கூவவில்லை, சண்டையிடவில்லை, கொண்டையும் வளரவில்லை. வேறு சில சேவல்களுக்கு நீக்கிய விதையை வயிற்றினுள் வைத்தார். அவை மிடுக்குடன் கூவின! நரம்புத் தொடர்பு அறுந்த பின்னும் இது நிகழ்ந்தமையால், இரத்தத்தின் வழியே ஏதோ செல்கிறதென்று அவர் தெளிந்தார். அப்பொருளை 1935-இல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர் காளைகளின் விதைகளிலிருந்தே பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டிரோன் எனப் பெயரிட்டனர்.

கொலஸ்ட்ராலிலிருந்து உண்டாகும் இவ்வகை ஸ்டீராய்டு ஹார்மோன்கள், உயிரணுவின் கொழுப்புச் சவ்வை எளிதில் கடந்து மூளைக்குள் புகுகின்றன. ஹைப்போதலாமஸ் முதலிய பகுதிகளில் தமக்கென அமைந்த ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு, எந்த மரபணு விழிக்கவேண்டும், எது உறங்கவேண்டும் என்பதை மாற்றுகின்றன. வேடிக்கை என்னவெனில், பல பிராணிகளின் மூளையில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி, பெண்மைக்குரியதென நாம் எண்ணும் எஸ்ட்ராடயாலாக மாறியே ஆணின் நடத்தையைத் தூண்டுகிறது!

ஆயினும் ஹார்மோனை மனத்தின் எஜமானன் என்று எண்ணிவிடலாகாது. அது ஒரு பக்கம் சாய்க்கிறது, அவ்வளவே. முதிர்ந்த காளையைக் காயடித்தால் பழைய முரட்டுத்தனம் முற்றும் அகல்வதில்லை. பழக்கமும் மூளையில் பதிந்துவிடுகிறது. சம்சாரிகள் குணம் முற்றுமுன் அதைச் செய்வதன் காரணம் இதுவே.

அச்சம் நேர்கையில் சிறுநீரகத்தின்மேல் அமர்ந்த அட்ரினல் சுரப்பி, கார்ட்டிசால் என்னும் மற்றொரு ஸ்டீராய்டைப் பெருக்குகிறது. 1968-இல் புரூஸ் மக்யூவன் முதலியோர், இவ்வினத்து ஹார்மோன் எலிகளின் மூளையில், நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸில் சென்று தங்குவதைக் கண்டனர். அது மிஞ்சினால் கற்றதும் நினைவுக்கு எழாது. பிரம்பைக் கண்டதும் வாய்ப்பாட்டை மறக்கும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று வைவது எத்தனை அநீதி!

பள்ளியில் குழந்தையை அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் விலக்கியிருக்கிறது. வீட்டிலும் அது ஒழியவேண்டும். சுதந்திர தேசத்தின் குழந்தைகள் அஞ்சி ஒடுங்கி வளரலாமா? இளங்காளையைத் தட்டிக் கொடுத்து ஏரில் பழக்கும் சம்சாரியின் பொறுமை, பிள்ளைக்குப் பாடம் சொல்லும் நமக்கும் வேண்டும்.